டிஸ்க் வளையவில்லை, ஹப்பில்தான் துரு: முன் பிரேக் உதறல் வேலைப் பதிவு

எண்பது, தொண்ணூறில் பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் உதறுகிறது என்று சொல்லி வாய் மூடுவதற்குள் "டிஸ்க் பெண்டு" என்று தீர்ப்பு வந்துவிடும். புது டிஸ்க் போட்டால் உதறலும் நின்றுவிடும். அதனால் தீர்ப்பு சரி என்றே எல்லோரும் நம்புகிறார்கள். ஐயாயிரம், எட்டாயிரம் கிலோமீட்டர் கழித்து அதே உதறல் திரும்ப வரும்போது பழி டிஸ்க் தயாரித்தவன் மேல் விழும், அடுத்த முறை விலை கூடிய டிஸ்க் வாங்கப்படும், அதுவும் அதே தூரத்தில் உதறும்.

வார்ப்பிரும்பு டிஸ்க் சூட்டில் நெளிந்து போவது தெரு வண்டியில் அபூர்வம். நெளிந்தே போயிருந்தாலும் அந்த நெளிவை நேரடியாகக் காலில் உணர முடியாது. டிஸ்கை இரு பக்கமும் அழுத்தும் பேடுகளைப் பிடித்திருக்கும் மிதக்கும் காலிப்பர், ஸ்லைடு பின் என்ற வழிகாட்டிக் கம்பிகள் மேல் இப்படியும் அப்படியும் நகர்ந்து அதைப் பின்தொடர்ந்துவிடும். உதறலைத் தருவது டிஸ்கின் தடிமன் ஒரு சுற்றுக்குள் மாறுவது. தடித்த இடம் பேடுகளுக்கு நடுவே வரும்போது பேடை அழுத்தும் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளும், பிடி கூடும். மெலிந்த இடம் வரும்போது பிடி குறையும். 10 முதல் 20 மைக்ரான் வித்தியாசம் போதும். ஒரு தலைமுடியின் தடிமனில் ஒரு சிறு பங்குதான்.

அந்தத் தடிமன் மாற்றம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. சக்கரமும் டிஸ்கும் மாட்டப்படும் சுழல் தட்டான ஹப் மேல் டிஸ்க் இம்மியளவு சாய்வாக உட்கார்ந்திருந்தால், பிரேக் மிதிக்காத நேரத்திலும் ஒவ்வொரு சுற்றிலும் அதே இடம் பேடை உரசிக்கொண்டு போகும். சக்கரத்தின் சுற்றளவு சுமார் 1.9 மீட்டர் என்றால் ஒரு கிலோமீட்டருக்கு ஐந்நூற்றுச் சொச்சம் உரசல். சில ஆயிரம் கிலோமீட்டரில் அந்த இடம் தேய்ந்து மெலியும், அல்லது சில வகைப் பேடில் அங்கே பேடின் பொருள் ஒட்டிப் படியும். புது டிஸ்கில் முதல் நாள் உதறாமல், பிறகு உதற ஆரம்பிப்பதற்குக் காரணம் இதுதான்.

வேகக் கணக்கும் இங்கேயே பொருந்துகிறது. 100 கிமீ வேகம் என்றால் நொடிக்கு 27.8 மீட்டர், அதாவது சக்கரம் நொடிக்குப் பதினான்கு, பதினைந்து சுற்று. சஸ்பென்ஷனும் ஸ்டியரிங்கும் சுலபமாக ஆடத் தயாராக இருக்கும் தாளமும் அதற்கு அருகில்தான். அதனால்தான் 70 முதல் 110க்குள் மோசமாக உதறிவிட்டு, வேகம் குறையக் குறைய அடங்கிவிடுகிறது. லோயர் ஆர்ம் புஷ் (சஸ்பென்ஷன் கையின் ரப்பர் மூட்டு) தேய்ந்த வண்டியில் இதே 15 மைக்ரான் இன்னும் பெரிதாகத் தெரியும். புஷ்ஷை மட்டும் மாற்றி "சரியாகிவிட்டது" என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை, நோயை விட்டுவிட்டு வலியை மட்டும் குறைத்திருக்கிறார்கள்.

ஜாக்கி போடும் முன்

பிரேக்கைத் தொடாமலே ஸ்டியரிங் ஆடினால் அது வீல் பேலன்ஸ் அல்லது டயர், இந்தப் பதிவு அதற்கு இல்லை. பிரேக் மிதிக்கும்போது மட்டும் ஸ்டியரிங் ஆடினால் முன்பக்கம். இருக்கையும் பெடலும் நடுங்கி, ஸ்டியரிங் சும்மா இருந்தால் பின்பக்கத்தைச் சந்தேகிக்க வேண்டும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்யும்போது பெடலில் வரும் தடதடப்பை இதோடு குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. அது வழுக்கும் தரையில், அவசரமாக மிதிக்கும்போது மட்டும் வரும்.

தேவைப்படுபவை: நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் டயல் கேஜ் ஒன்று, காந்த அடித்தளத்தோடு, ஒரு கோடு 0.01 மிமீ. 0–25 மிமீ மைக்ரோமீட்டர், முடிந்தால் 0.001 வரை காட்டும் டிஜிட்டல். முறுக்கின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச். வெர்னியரை எடுத்து டிஸ்க் தடிமன் பார்ப்பது வீண். அதன் தாடைகள் டிஸ்க் விளிம்பில் தேயாமல் நிற்கும் வரப்பு மேல் உட்கார்ந்துகொண்டு, தேய்ந்துபோன டிஸ்கையும் புதிது என்று சொல்லும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியில் தூக்கியதும் ஸ்டாண்டு மேல் இறக்கிவிட வேண்டும். ஜாக்கியை நம்பி வேலை செய்யக் கூடாது.

கழற்றாமல் முதல் அளவு

பெரும்பாலானோர் தவறவிடும் படி இது. டிஸ்கைக் கழற்றிவிட்டால் சாட்சி அழிந்துவிடும். சக்கரத்தை எடுத்தவுடன் டிஸ்க் ஹப்பில் தளர்வாக நிற்கும். எனவே தடித்த வாஷர் வைத்து வீல் நட்டுகளைத் திரும்பப் போட்டு, குறுக்கும் மறுக்குமாக, எல்லாவற்றையும் ஒரே அளவில், சுமார் 50 நியூட்டன் மீட்டருக்கு முறுக்க வேண்டும். நட்டு சமமாக இறுகாவிட்டால் கேஜ் காட்டுவது டிஸ்கின் சாய்வு அல்ல, நட்டின் சாய்வு.

முதலில் டிஸ்கின் மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பார்க்க வேண்டும். பேரிங்கில் ஆட்டம் இருந்தால் மேற்கொண்டு எடுக்கும் எந்த அளவுக்கும் அர்த்தமில்லை, பேரிங்கை முதலில் மாற்ற வேண்டும். ஆட்டம் இல்லையென்றால் கேஜை, ஹப்பைத் தாங்கும் சுழலாத பாகமான நக்கிள் மேல் பொருத்தி, ஊசியை வெளி விளிம்பிலிருந்து 10 மிமீ உள்ளே, டிஸ்க் முகத்துக்குச் செங்குத்தாக வைக்கலாம். முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து டிஸ்கைக் கையால் மெல்ல ஒரு முழுச் சுற்று சுற்றினால் முள் ஒரு பக்கம் ஏறி, நின்று, திரும்பும். சீராக ஒரே ஒருமுறை ஏறி இறங்கினால் டிஸ்க் சாய்ந்திருக்கிறது. அங்கங்கே துள்ளினால் முகத்தில் துரு அல்லது பள்ளம். அதிகமும் குறைவும் வரும் இடங்களைச் சாக்பீஸால் குறித்து, அதிக இடத்துக்கு நேரே உள்ள ஸ்டட்டிலும் (வீல் நட்டு ஏறும் ஹப் போல்ட்) ஒரு கோடு போட்டுவிட வேண்டும். இந்தக் கோடுதான் பின்னால் குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கும்.

பெரும்பாலான பயணிகள் கார்களுக்கு முள் காட்டும் இந்த ஏற்ற இறக்கம் 0.05 மிமீக்குள் இருப்பது நல்லது. சில கையேடுகள் 0.10 வரை அனுமதிக்கின்றன. 0.10 என்பது புது டிஸ்கைக் கடையில் திருப்பித் தர முடியாத எல்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும், பல்லாயிரம் கிலோமீட்டர் நிம்மதியாக ஓடும் எல்லை என்று அல்ல.

அடுத்து மைக்ரோமீட்டர். விளிம்பிலிருந்து 10–15 மிமீ உள்ளே, 45 டிகிரிக்கு ஒன்றாக எட்டு இடம், எல்லாம் ஒரே ஆரத்தில். புதிதில் 22 மிமீ, குறைந்தபட்சம் 20 மிமீ உள்ள காற்றோட்ட டிஸ்கை எடுத்துக்கொண்டால் உதறும் சக்கரத்தின் வரிசை ஏறக்குறைய இந்த அச்சில் வரும்: 21.402, 21.408, 21.415, 21.410, 21.401, 21.409, 21.416, 21.409. வித்தியாசம் 0.015. மெலிந்த இடங்கள் ஒன்றாம் எண்ணிலும் ஐந்தாம் எண்ணிலும், நேர் எதிரெதிரே. இது தற்செயல் இல்லை. சாய்ந்த டிஸ்கின் ஒரு பக்கம் வெளிப் பேடையும், எதிர்ப் பக்கம் உள் பேடையும் உரசுகிறது, ஆகவே இரண்டு இடத்தில் தேய்கிறது. டயல் கேஜில் குறித்த அதிக, குறைந்த இடங்களும் இந்த இரண்டும் ஒத்துப்போனால் காரணம் சாய்வு என்பது உறுதி. தடிமன் மாறியிருந்தும் ஒத்துப்போகாவிட்டால், சூடான டிஸ்கில் பேடு ஒட்டிய கறை அல்லது பின்வாங்காத பிஸ்டன் பக்கம் பார்க்க வேண்டும்.

டிஸ்கா, ஹப்பா

காலிப்பரைக் கழற்றிக் கம்பியில் கட்டித் தொங்கவிட வேண்டும். ஹோஸில் அதன் எடை தொங்கக் கூடாது. டிஸ்கைப் பிடித்திருக்கும் சிறிய திருகு துருவோடு ஒட்டியிருந்தால் சாதாரண ஸ்க்ரூடிரைவரால் அதன் தலை வழிந்துபோகும், சுத்தியலால் அடித்துத் திருப்பும் இம்பாக்ட் டிரைவர்தான் சரி. டிஸ்க் வரவில்லை என்றால் சுத்தியலை ஓங்கும் முன் அதன் நடுப்பகுதியைப் பாருங்கள், பல டிஸ்கில் இரண்டு மரைத் துளைகள் இருக்கும், பெரும்பாலும் எம்8 (8 மிமீ) அளவு. இரண்டிலும் போல்ட்டை மாறி மாறிக் கால் சுற்று முறுக்கினால் டிஸ்க் தானே விலகி வரும்.

இப்போது அந்தச் சாக்பீஸ் கோடு. எதையும் சுத்தம் செய்யாமல் டிஸ்கை ஏறக்குறைய பாதிச் சுற்று திருப்பி ஹப்பில் மாட்டி, அதே முறுக்கில் நட்டு போட்டு, மறுபடி அளக்க வேண்டும். அதிக இடம் டிஸ்கோடு சேர்ந்து நகர்ந்தால் குற்றம் டிஸ்கில். டிஸ்க் திரும்பியும் அதிக இடம் அதே ஸ்டட்டுக்கு நேரேயே நின்றால் குற்றம் ஹப்பில். பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் டிஸ்க் வாங்குவது ரத்தப் பரிசோதனை இல்லாமல் மருந்து வாங்குவது மாதிரி.

ஹப் முகம்

துரு ஹப் முகத்தில் பரவலாகத் தெரிவது பெரிய கெடுதல் இல்லை, கம்பி பிரஷ் போட்டால் போய்விடும். கெடுப்பது இரண்டு இடம்: நடு வளையம் முகத்தோடு சேரும் மூலை, அப்புறம் ஒவ்வொரு ஸ்டட்டின் அடிவாரம். ஸ்டட் அடியில் துரு ஒரு மெல்லிய காலர் மாதிரி எழுந்து நிற்கும். நகத்தால் சுரண்டினால் தட்டுப்படும், கண்ணுக்குத் தெரியாது. துரப்பணத்தில் மாட்டிய கோப்பை பிரஷ் ஸ்டட்டுகளுக்கு நடுவில் சுற்றி எல்லாவற்றையும் பளபளப்பாக்கிவிட்டு இந்தக் காலரை மட்டும் அப்படியே விட்டுவிடும். பளபளப்பைப் பார்த்து ஏமாறுவது இங்கேதான்.

இதற்கென்றே ஸ்டட்டின் மேல் நுழைத்துச் சுற்றும் சுத்தக் கருவி உண்டு. இல்லாவிட்டால் ஸ்டட் நுழையும் அளவு குழாய்த் துண்டு ஒன்றை எடுத்து, அதன் வாயில் 120 எண் உப்புத்தாள் வளையம் ஒட்டி, ஸ்டட்டில் மாட்டிக் கையால் அழுத்திச் சுற்றலாம். நடு மூலைக்கு ஒரு சிறிய கம்பி பிரஷ்ஷும் பொறுமையும். கிரைண்டரும் ஃபிளாப் டிஸ்கும் எடுக்கவே கூடாது, அவை துருவோடு உலோகத்தையும் சேர்த்து ஒரு பக்கமாக அரித்து, இல்லாத சாய்வை உண்டாக்கிவிடும். ஏபிஎஸ் சென்சாருக்கான காந்த வளையம் பேரிங்கிலேயே இருக்கும் வண்டியில் இரும்புத் தூள் அந்தப் பக்கம் போகாமல் துணி வைத்து மறைப்பதும் முக்கியம்.

ஏன் இவ்வளவு அலட்டல் என்றால் கணக்கைப் பாருங்கள். ஹப் முகத்தின் விட்டம் 140 மிமீ, கேஜ் ஊசி தொடும் வட்டத்தின் விட்டம் 240 மிமீ. ஹப் விளிம்பில் 0.05 மிமீ துரு சிக்கினால் டிஸ்க் விளிம்பில் அது 0.05 ஐ 140 ஆல் வகுத்து 240 ஆல் பெருக்கிய அளவு, சுமார் 0.086 மிமீ. ஒரு சாதாரணக் காகிதத் துண்டின் பாதித் தடிமன் அளவு துரு, நல்ல டிஸ்கையும் எல்லைக்கு வெளியே தள்ளிவிடுகிறது.

சுத்தம் ஆனதும் கேஜை ஹப் முகத்திலேயே, ஸ்டட்டுகளுக்கு வெளியே உள்ள வளையத்தில் வைத்து ஒரு சுற்று. 0.02 மிமீ தாண்டினால் யோசிக்க வேண்டும், 0.03 தாண்டினால் ஹப்பே வளைந்திருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் பள்ளத்தில் பலமாக விழுந்த வண்டி. டிஸ்கின் உள்பக்கம், ஹப்பைத் தொடும் இடத்துக்கும் இதே சுத்தம் உண்டு.

ஹப் முகத்தில் காப்பர் கிரீஸ் பூசலாமா என்பது ஓயாத சண்டை. அடுத்த முறை டிஸ்க் சுலபமாக வர வேண்டும் என்ற ஆசை நியாயமானது. ஆனால் முகத்தில் தடிமனாகப் பூசினால் துருவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கிரீஸை வைத்தது போலத்தான். நடு வளையத்தின் பக்கவாட்டில் விரலால் துடைத்தது போல ஒரு படலம் போதும். முகத்தைக் காய்ந்தபடியே விடுவது நல்லது.

பழைய டிஸ்க், புது டிஸ்க்

21.4 மிமீயில் நிற்கும் டிஸ்கைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. வண்டியிலேயே மாட்டிக் கடையும் லேத் கிடைத்தால் அதுவே சிறந்தது, ஹப்பில் மிச்சமிருக்கும் சின்னச் சாய்வையும் சேர்த்துச் சமன் செய்துவிடும். கழற்றிக் கொண்டுபோய்க் கடைவதென்றால் ஹப் சுத்தமாக இருந்தால்தான் பலன். ஒரு முகத்துக்கு 0.1 முதல் 0.2 மிமீ எடுத்தால் போதும். கடைந்த பிறகு டிஸ்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனுக்கு மேல் ஒரு மிமீயாவது இல்லையென்றால் கடையும் கூலி வீண், அடுத்த பேடு மாற்றத்துக்குள் அது எல்லையைத் தொட்டுவிடும். முகத்தில் நீலம் பாய்ந்த திட்டுகள் இருந்தாலும் கடைய வேண்டாம். கடுமையாகச் சூடான வார்ப்பிரும்பில் அந்த இடம் மட்டும் இறுகிக் கடினமாகிவிடும். லேத் உளி அதைச் சீவினாலும் பேடு அதைச் சுற்றியுள்ள இடத்தைவிட மெதுவாகத் தேய்க்கும், திட்டு மறுபடி மேடாகும்.

புது டிஸ்க் என்றால் ஒரே அச்சில் இரண்டு பக்கமும். துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய எண்ணெயைப் பிரேக் கிளீனரால் அல்லது சோப்பு நீரால் கழுவித் துடைக்க வேண்டும். சாம்பல் நிறப் பூச்சோடு வரும் டிஸ்கில் பூச்சைச் சுரண்ட வேண்டாம், பேடு படும் இடத்தில் அது தானே போய்விடும். மாட்டி, நட்டு போட்டு, மறுபடி டயல் கேஜ். 0.05க்குள் என்றால் முடிந்தது. 0.07, 0.08 வந்தால் டிஸ்கை அடுத்த ஸ்டட் நிலைக்குத் திருப்பிப் பார்க்கலாம். ஹப்பின் சாய்வும் டிஸ்கின் சாய்வும் ஒன்றையொன்று தின்றுகொள்ளும் நிலை ஒன்று பெரும்பாலும் கிடைக்கும். அதிலும் அடங்காததற்கு ஒரு பக்கம் மெலிந்து மறுபக்கம் தடித்த சரிக்கட்டும் தகடு விற்கிறது. அதை வைக்கும் இடம் தவறினால் சாய்வு இரட்டிப்பாகும், ஆகவே வைத்த பிறகும் அளந்தாக வேண்டும்.

டிரில் போட்ட டிஸ்க் உதறாது என்ற பேச்சுக்கு அடிப்படை இல்லை. துளை வைத்ததால் சாய்வு மாறாது. தெரு வண்டியில் துளைகளிலிருந்து விரிசல் கிளம்பும் அபாயம்தான் கூடுதல். வெறும் முகம் போதும்.

காலிப்பர்

ஹப் எவ்வளவு நேராக இருந்தாலும் காலிப்பர் இறுகியிருந்தால் பேடு டிஸ்கை விட்டு விலகாது, அதே தேய்மானம் வேறு வழியில் வந்து சேரும். பழைய பேடு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். உள் பேடு மட்டும் தேய்ந்திருந்தால் ஸ்லைடு பின் இறுகல். ஒரே பேடு ஆப்பு மாதிரி சரிந்து தேய்ந்திருந்தால் இரண்டு பின்னில் ஒன்று மட்டும் இறுகல்.

பின்களை எடுத்துத் துடைத்து, பழைய கிரீஸ் முழுவதும் போன பிறகு, பிரேக்குக்கென்று விற்கும் சிலிக்கான் கிரீஸ் மெல்லிசாக. பெட்ரோலிய கிரீஸ் பட்டால் ரப்பர் உறை ஊதிப்போய்ப் பின்னைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு பின்னும் ஒன்று போலத் தெரிந்தாலும் சில காலிப்பரில் ஒன்றின் நுனியில் ரப்பர் வளையம் இருக்கும். எது மேலே எது கீழே என்று கழற்றும்போதே படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டில் பேடின் காது உட்காரும் ஸ்டீல் கிளிப்புக்கு அடியிலும் துரு வளரும், கிளிப்பை உயர்த்தி இடத்தைக் குறுக்கிவிடும். கிளிப்பைக் கழற்றி அந்த இடத்தை ராவி, புதுக் கிளிப் போட வேண்டும். பேடு விரலால் தள்ளினால் நகர வேண்டும். சுத்தியலால் தட்டித்தான் உள்ளே போகிறது என்றால் அது வெளியே வரவும் வராது.

பிஸ்டனை உள்ளே தள்ளும்போது பிளீடர் நிப்பிளில் குழாய் மாட்டி, கால் சுற்றுத் திறந்துவைத்துத் தள்ளினால் காலிப்பரில் தங்கிய அழுக்கு ஆயில் ஏபிஎஸ் வால்வு பக்கம் திரும்பிப் போகாமல் வெளியே வந்துவிடும். தள்ளி முடித்ததும் நிப்பிளை மூடிவிட்டுத்தான் அழுத்தும் கருவியை எடுக்க வேண்டும், இல்லையென்றால் காற்று ஏறும். பின் காலிப்பரில் கை பிரேக் சேர்ந்திருந்தால் பிஸ்டனைத் திருகித் தள்ள வேண்டும், எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் என்றால் முதலில் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுபோக வேண்டும். முன் பிரேக்குக்கு இந்தத் தலைவலி இல்லை.

பிரேக் ஆயில் இரண்டு வருடம் தாண்டியிருந்தால் இந்தச் சாக்கில் மாற்றிவிடலாம். அதன் தர வகைகள்தான் டாட் எண்கள். டாட் 4 புதிதில் குறைந்தது 230 டிகிரியில் கொதிக்கும், 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் அந்த எல்லை 155 ஆகும். டாட் 3க்கு 205, 140. டாட் 5.1 இவற்றோடு சேரும், வெறும் டாட் 5 சிலிக்கான், சேரவே சேராது. பெயின்ட் மேல் சிந்தினால் துடைக்காமல் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

முறுக்கு

ஸ்லைடு பின் போல்ட் பெரும்பாலும் 25–35 நியூட்டன் மீட்டர், பிராக்கெட் போல்ட் 80–120, வீல் நட்டு 90–120. வண்டிக்கு வண்டி மாறும் என்பதால் கையேட்டு எண்ணே கடைசி. மரையில் பசை பூசி வரும் பிராக்கெட் போல்ட் ஒருமுறைப் பயன்பாட்டுக்கானது.

வீல் நட்டுதான் இங்கே முக்கியம். காற்றுத் துப்பாக்கியால் ஒரு நட்டை 200க்கும் பக்கத்து நட்டை 90க்கும் ஏற்றினால், இவ்வளவு நேரம் சுத்தம் செய்த முகத்தையே டிஸ்க் சாய்ந்து கவ்விக்கொள்ளும். கையால் எல்லாவற்றையும் உட்காரவைத்து, நட்சத்திர வரிசையில் முதலில் 50, பிறகு முழு அளவு. அலாய் வீல் என்றால் 50–100 கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு முறை. வண்டியை நகர்த்தும் முன் பெடலைக் கெட்டியாகும்வரை மிதித்தாக வேண்டும், முதல் இரண்டு மூன்று மிதிப்பு தரைவரை போகும்.

பேடு பழக்குதல்

வெற்றுச் சாலையில் 60லிருந்து 10 வரை மிதமாக மிதித்து, முழுமையாக நிறுத்தாமல் விட்டு, அரை நிமிடம் ஓட்டி ஆறவிட்டு, மறுபடி. எட்டு, பத்து முறை. பிறகு பத்து நிமிடம் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்ட வேண்டும். சூடான நிலையில் சிக்னலில் பெடலை அழுத்திப் பிடித்து நின்றால் பேடின் அச்சு டிஸ்கில் அப்படியே பதியும். கழுவித் துடைத்த டிஸ்கில் பேடு வடிவில் ஒரு சாம்பல் திட்டு தெரிந்தால் அதுதான்.

ஆயிரம் கிலோமீட்டரில் சக்கரத்தை ஒருமுறை கழற்றி, அதே எட்டு இடத்தில் மைக்ரோமீட்டர் வைத்துப் பார்க்கலாம். வித்தியாசம் 0.005க்குள் நின்றால் சாய்வு உரசவில்லை. இரண்டு எதிரெதிர் எண்கள் அதற்குள் மெலிய ஆரம்பித்திருந்தால் ஏதோ ஒரு ஸ்டட் அடியில் காலர் மிச்சமிருக்கிறது, டிஸ்கை எடுத்து நகத்தால் ஒவ்வொரு ஸ்டட்டையும் சுற்றித் தடவிப் பார்க்க வேண்டியதுதான்.